வரிசையே வியூகம்: நியோ ஜியோவில் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98’

மூன்று வீரர்களைப் பொறுக்கி எடுப்பது எளிது. யாரை முதலில் இறக்குவது, யாரைக் கடைசிவரை காத்து வைப்பது என்ற இடத்தில்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. ஒசாகாவின் எஸ்.என்.கே. நிறுவனம் 1994-இல் தொடங்கிய ‘தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’ வரிசைக்கு இந்தக் கேள்விதான் அச்சாணி. ஜூடோ, கெண்டோ அணிப் போட்டிகளில் ஜப்பானியர் கையாளும் முறை ஒன்று அதன் அடியில் இருக்கிறது: வென்றவர் களத்திலேயே நிற்பார், தோற்ற அணியிலிருந்து அடுத்தவர் வருவார். ஒரே ஆள் எதிரணி மூவரையும் சாய்த்துவிடவும் முடியும்.

முதல் விளையாட்டில் 8 அணிகள், 24 வீரர்கள். ‘ஃபேட்டல் ஃபியூரி’யின் டெர்ரி போகார்ட், ‘ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்’கின் ரியோ சகாசாகி, ‘சைக்கோ சோல்ஜ’ரின் அதீனா என்று வெவ்வேறு விளையாட்டுகளின் நாயகர்கள் ஒரே மேடை ஏறினார்கள். அப்போது அணிகளைக் கலைக்க முடியாது. விரும்பியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை 1995-இல்தான் வந்தது. ரசிகர்களின் செல்லப்பிள்ளையான இயோரி யகாமியும் அந்த ஆண்டுதான் வந்தான்.

1998-இல் வந்ததற்குக் கதையே கிடையாது. முந்தைய விளையாட்டுகளில் தொடர்ந்து வந்த ஒரோச்சி கதை முந்தைய ஆண்டே முடிந்துவிட்டதால், கதையில் மாண்டவர்களும் திரும்பி வர முடிந்தது. ஆனால் இந்த விளையாட்டின் பெருமை ஆள்கூட்டத்தில் இல்லை. ஆட்டம் தொடங்கும்முன் அது ‘அட்வான்ஸ்டு’, ‘எக்ஸ்ட்ரா’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அவை வெறும் அமைப்புகள் அல்ல, இரண்டு மரபுகள். எக்ஸ்ட்ரா 94, 95-இன் பழைய பாணி: நின்ற இடத்திலேயே அடியிலிருந்து விலகலாம், பொத்தான்களை அழுத்திப் பிடித்துச் சக்தியை ஏற்றலாம், உயிர்க்கோடு தேய்ந்து மின்னத் தொடங்கினால் பேரடிகளை வரம்பின்றி வீசலாம். அட்வான்ஸ்டு 96-க்குப் பிந்தைய பாணி: ஓட்டம், உருண்டு தப்புதல், அடித்து அடித்துச் சேர்க்கும் சக்தி.

வரிசையின் அருமை அட்வான்ஸ்டில்தான் முழுதாகத் தெரிகிறது. முதல் வீரர் சேர்த்து வைக்கக்கூடிய சக்தி 3 அலகு, அவர் வீழ்ந்தால் அடுத்தவருக்கு 4, மூன்றாமவருக்கு 5. தோல்விக்கு ஈடாக ஆயுதம் கூடுகிறது. அதனால் சக்தியே இல்லாமலும் மிரட்டக்கூடியவரை முன்னால் நிறுத்துவதும், சக்தியைக் கொட்டிச் சண்டையைத் திருப்பக்கூடியவரைக் கடைசிக்கு வைப்பதும் தேர்ந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். பிடித்துத் தூக்கி எறியும் கோரோ டைமனை எதிராளி எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதை வைத்தே அவருடைய திட்டத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

அணிச் சண்டையில் வேறு மரபுகளும் உண்டு. கேப்காமின் ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ (1996) சண்டையின் நடுவிலேயே ஆள் மாற்ற விட்டது; 2000-இல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’ 56 வீரர்களோடு, வெளியே நிற்பவரை ஒரு கணம் துணைக்கு அழைக்கும் வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. ‘டெக்கன் டேக்’கில் இருவரில் ஒருவர் வீழ்ந்தாலே சுற்று போயிற்று. அவற்றின் வேகமும் கோலாகலமும் பெரிது. ஆனாலும் தனி ஒருவரின் திறமையை நேருக்கு நேர் உரசிப் பார்க்க எஸ்.என்.கே.யின் முறையே தக்க உரைகல்.

98-ஐ எஸ்.என்.கே.யின் நியோ ஜியோவிலேயே ஆடிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் 58,000 யென்னுக்கு விற்ற அந்த வீட்டுக் கன்சோல், ஆர்கேட் கூடங்களில் ஓடிய அதே விளையாட்டை அப்படியே தந்தது. 98-இன் கார்ட்ரிட்ஜ் 683 மெகாபிட். ஒரு வீரர் சாய்ந்ததும் அடுத்தவர் காத்திருப்பின்றி வந்து நிற்கிறார். ஒற்றை வேக டிரைவ் கொண்ட நியோ ஜியோ சிடியின் விளையாட்டுகளில் இந்த ஓட்டம்தான் அறுபட்டது. மூன்று ஆள் மாறும் ஆட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருப்பது சண்டையின் மூச்சையே நிறுத்திவிடும். பிற கன்சோல்களிலும் இத்தகைய சிக்கல் இருந்தது: நினைவகம் போதாமல், ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ பிளேஸ்டேஷனுக்கு வந்தபோது ஆள் மாற்றும் அம்சமே பறிபோனது. செகா சாட்டர்ன் கூடுதல் நினைவக கார்ட்ரிட்ஜால் தப்பியது.

2008-இல் வந்த ‘98 அல்டிமேட் மேட்ச்’ வீரர்களைக் கூட்டியதோடு, இரு பாணிகளின் அம்சங்களையும் கலந்து அமைத்துக்கொள்ளும் மூன்றாவது வழியையும் திறந்தது. தாராளமான விருந்துதான். ஆனால் மூல விளையாட்டில் எக்ஸ்ட்ராவைத் தேர்ந்தவர் ஓட்டத்தை இழந்தாக வேண்டும், அட்வான்ஸ்டை எடுத்தவர் சக்தியைத் தானே ஏற்றும் வசதியை விட்டாக வேண்டும். அந்த இழப்பையும் கணக்கில் கொண்டுதான் ஆட்டக்காரர் தம் மூவரையும் வரிசைப்படுத்துகிறார்.