வர்க்கப்படுத்தலும் போலி விடையும்

தெரியாத எண்ணைக் 'க' என்று கொள்வோம். √(க+6) = க என்ற சமன்பாட்டைக் கண்டதும் வகுப்பறையில் எல்லாக் கையும் ஒரே வேலையைத்தான் செய்யும்: இருபுறமும் வர்க்கப்படுத்தும். க² = க+6 ஆகி, 3, −2 என இரண்டு விடைகள் வரும். 3 பொருந்தும். −2-ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. அதை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார்கள்.

இந்த முறையின் பலம் பெரிது. மூலக்குறியை ஒரே வரியில் அகற்றி, பழகிய இருபடிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடுகிறது. மெய்யான விடை எதையும் தொலைப்பதுமில்லை. கோளாறு வேறிடத்தில். 2-க்கும் −2-க்கும் வர்க்கம் 4-தான்; ஆகவே வர்க்கப்படுத்தியதும் −√(க+6) = க என்ற இன்னொரு சமன்பாடும் உடன் நுழைந்துவிடுகிறது. −2 அதன் விடை. இதைச் சொல்லாமல் 'கடைசியில் சரிபார்' என்று மட்டும் கற்பிப்பதில்தான் எனக்குக் குறை. காரணம் தெரியாத சரிபார்ப்பு சடங்காகிவிடும். தேர்வில் நேரம் போதாவிட்டால் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

சரிபார்ப்பு எளிதென்றும் சொல்ல முடியாது. √(க−1) = க−2 என்பதற்கு (5±√5)/2 என்று வருகிறது. பிரதியிடப் போனால் மூலத்துக்குள் மூலம். வர்க்கமூலம் குறை எண்ணாகாது, எனவே க ≥ 2 என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தால், ஏறத்தாழ 3.618 நிற்கும், 1.382 விழும். (கூட்டல் கழித்தலில் சறுக்கியிருந்தால் பிரதியிடல்தான் காட்டிக்கொடுக்கும், அந்தப் பெருமை அதற்கு உண்டு.)

வர்க்கப்படுத்தாமலும் போகலாம். பாஸ்கரர் 1150-இல் இயற்றிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு வண்டுக் கணக்கு: கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் மல்லிகைக்குப் போயிற்று, மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் பறந்தது, மிச்சம் ஓர் இணை. க = 2ப² என வைத்தால் மூலக்குறியே மறைந்து 2ப² − 9ப − 18 = 0 ஆகும்; ப = 6 அல்லது −3/2. ப இங்கே ஒரு வர்க்கமூலம். குறை மதிப்பு அப்போதே கழிகிறது. வண்டுகள் 72. வர்க்கப்படுத்திப் போட்டால் 72, 4.5 என்று வரும். நாலரை வண்டு ஏது என்று சிரித்து விலக்குவோம். உண்மையில் அது பின்னம் என்பதால் தவறவில்லை, குறி பொருந்தாததால் தவறுகிறது.

இந்த வழியும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. √(க+5) + √க = 5 போல இரு மூலங்கள் வந்தால், ஒன்றைத் தனியே பிரித்து வர்க்கப்படுத்துவதே நல்லது; √க = 2 என்று உடனே வந்துவிடும்.

வர்க்கப்படுத்தலைக் கைவிடச் சொல்லவில்லை. ஆசிரியர்கள் நிபந்தனையை முதல் வரியில் எழுதச் சொல்லட்டும்; அந்த வரிக்கும் ஒரு மதிப்பெண் ஒதுக்கட்டும்.