பட்ஜெட் போதாத அற்புதங்கள்

சயின்ஸ் ஃபிக்‌ஷன் டி.வி. தொடர், ராக் இசை, வீடியோ கேம் இந்த மூன்றிலும் உனக்கு மிகவும் பிடித்தது எது, காரணம் கூறுக என்று யாராவது பரீட்சை வைத்தால், யோசிக்காமல் மூன்று பெயர்கள் எழுதுவேன். பழைய ‘டாக்டர் ஹூ’, ‘பிளாக் சபத்’, ‘டெட்ரிஸ்’. மூன்றையும் ஒரே பையில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றுமே வசதியாகப் பிறந்தவை அல்ல. ஒன்றுக்குப் பணம் போதவில்லை. ஒன்றுக்கு விரல் போதவில்லை. ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் போதவில்லை.

முதலில் டி.வி.

‘டாக்டர் ஹூ’ பி.பி.சி.யில் தொடங்கியது 1963 நவம்பர் 23-ம் தேதி. கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 28 வயதுகூட முடியவில்லை. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். லைம் க்ரோவ் என்ற பழைய ஸ்டுடியோவில், இடுக்கலான ஒரு தளத்தில், சில்லறைக் காசில் எடுத்தார்கள். கதையோ காலத்திலும் விண்வெளியிலும் இஷ்டத்துக்குச் சுற்றும் ஒரு கிழவரைப் பற்றியது. வாரம் ஒரு கிரகம் வேண்டும். என்ன செய்வார்கள் பாவம்?

அவருடைய விண்கலம் போகிற இடத்துக்கு ஏற்றபடி வேஷம் மாற்றிக்கொள்ள வேண்டும். ரோமாபுரிக்குப் போனால் தூண், காட்டுக்குப் போனால் மரம். வாரம் ஒரு செட் போடக் கட்டுப்படியாகாது. எனவே லண்டன் தெருவில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டி வடிவத்திலேயே அது ரிப்பேராகி மாட்டிக்கொண்டது என்று கதையில் எழுதிவிட்டார்கள். அந்த நீலப் பெட்டி இன்றைக்கு உலகம் பூராவும் டீ ஷர்ட்டில் இருக்கிறது. அது கிளம்பும்போது ஒரு மூச்சிரைப்புச் சத்தம் வருமே, அதைச் செய்ய பிரையன் ஹாட்ஜ்சன் என்பவருக்குத் தேவைப்பட்டது ஒரு பழைய பியானோ, ஒரு வீட்டுச் சாவி. பியானோவின் தடித்த கம்பிகளில் சாவியை வைத்து வறட் வறட் என்று இழுத்து, டேப்பில் பதிந்து, அதை வளைத்து நெளித்தார்.

1966-ல் இன்னொரு சிக்கல். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு சரியில்லை. வசனம் மறந்துபோகிறது. நம் மெகா சீரியலாக இருந்தால் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டு போட்டுவிட்டு அடுத்த சீனுக்குப் போய்விடுவோம். பி.பி.சி.க்காரர்கள் அந்தக் கார்டையே கதையாக்கினார்கள். டாக்டர் மனிதர் அல்லவே, வேற்றுக் கிரகவாசி. உடல் தேய்ந்தால் புது உடல் எடுத்துக்கொள்வார் என்றார்கள். ஹார்ட்னல் தரையில் சரிந்தார், பேட்ரிக் ட்ரௌட்டன் எழுந்தார். நடிகர் மாறினாலும் தொடர் சாகாது என்ற அந்த ஒரு யோசனையில்தான் அது 1989 வரை ஓடி, நின்று, 2005-ல் மறுபடி எழுந்தது.

இந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது விஞ்ஞானம் அல்ல. அதில் விஞ்ஞானம் கம்மிதான். சமாளிப்பை சமாளிப்பு என்று தெரியவிடாமல் கதையின் சட்டமாக மாற்றிவிடுகிற சாமர்த்தியம் பிடிக்கும். 2023-ல் டிஸ்னியின் பணம் வந்து சேர்ந்து, 2025-ல் அந்தக் கூட்டு முடிந்துபோனது. அந்தப் பளபளப்பான எபிசோடுகளில் கிரகங்கள் கிரகங்களைப் போலவே இருந்தன. எனக்கென்னவோ கறுப்பு வெள்ளையில், அட்டைச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது வந்த பயம் அதில் வரவில்லை.

அடுத்து விரல்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தான் டோனி அயாமி என்ற பையன். வயது 17. கிடார் வாசிப்பதே தொழில் என்று முடிவெடுத்து, வேலையை விடுகிற கடைசி நாளில் மெஷின் அவன் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவன் இடது கைப் பழக்கக்காரன். அதாவது, கம்பிகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின. இனி வாசிப்பது நடக்காது என்றார்கள் டாக்டர்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு ரிக்கார்டு கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் கை கருகி, இரண்டு விரல்களை வைத்துக்கொண்டே ஜாஸ் கிடாரில் சக்கரவர்த்தியாக இருந்தவர்.

அயாமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். அதன்மேல் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினான். தொப்பிக்குள் இருக்கும் விரலுக்குக் கம்பி தெரியாது. கம்பி கனமாக இருந்தால் வலிக்கும். மெல்லிய கிடார் கம்பி அப்போது கடையில் சுலபமாகக் கிடைக்காததால் பாஞ்சோ கம்பியை மாட்டினான். பிறகு கம்பிகளையே தளர்த்திச் சுருதியை இறக்கினான். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் மூன்று அரைச்சுரங்கள் கீழே போயிருக்கிறார்கள். சிக்கலான கார்டுகளுக்குப் பதில் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தடிமனாக, மெதுவாக, பாறை உருட்டுவதுபோல் வாசித்தார்கள். ஹெவி மெட்டல் என்று இன்று அழைக்கிறோமே, அதன் ‘ஹெவி’யில் பெரும் பங்கு இந்தத் தொப்பிகளுக்கு உண்டு.

1970-ல் வந்த முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தார்கள். முதல் பாட்டு மழை, தூரத்துக் கோயில் மணி, அப்புறம் மூன்று ஸ்வரங்கள் என்று ஆரம்பிக்கும். அந்த ஸ்வர இடைவெளிக்கு மேல்நாட்டில் ‘சாத்தானின் இடைவெளி’ என்றே பட்டப்பெயர். நம் கணக்கில் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம்தான். நமக்கு அது கல்யாணி. கல்யாண வீட்டு நாகஸ்வரம். பர்மிங்ஹாம் இளைஞர்களுக்குப் பேய். அதே தூரத்தை ராகத்தின் மற்ற ஸ்வரங்கள் தாங்கிப் பிடித்தால் மங்களம், தனியாக இருட்டில் நிறுத்தினால் திகில். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். இந்தக் குழு 2025 ஜூலை 5-ம் தேதி சொந்த ஊரில் கடைசிக் கச்சேரி செய்தது. பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் உட்கார்ந்தபடி பாடினார். 17 நாள் கழித்து இறந்துபோனார்.

மூன்றாவது, கம்ப்யூட்டர்.

1984. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையம். அலெக்ஸி பஜித்னோவ் என்ற ஆராய்ச்சியாளரிடம் இருந்தது எலக்ட்ரோனிகா 60 என்ற இயந்திரம். அதில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துகள் மட்டும் வரும். அவர் இரண்டு சதுர அடைப்புக்குறிகளை எதிரும் புதிருமாக வைத்தார். ஒரு கட்டம் கிடைத்தது. ஐந்து கட்டங்களை ஒட்டினால் 12 வடிவங்கள் வரும், அது அதிகம். நான்கு கட்டம் என்று குறைத்தார். ஏழு வடிவங்கள். ஏழு என்பது மூளை சிரமமில்லாமல் ஞாபகம் வைத்துக்கொள்கிற எண்ணிக்கை. கட்டங்கள் மேலிருந்து விழுந்தால் சில விநாடிகளில் திரை நிரம்பி ஆட்டம் முடிந்துவிடுகிறது. எனவே நிரம்பிய வரிசை காணாமல் போகட்டும் என்று வைத்தார். இடப் பற்றாக்குறைக்குச் செய்த அந்த ஏற்பாடுதான் ஆட்டத்தின் உயிர்.

டெட்ரிஸில் கதை இல்லை, எதிரி இல்லை, காப்பாற்ற இளவரசி இல்லை. ஜெயிப்பதும் இல்லை, எவ்வளவு நேரம் தோற்காமல் இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. பழைய நின்டெண்டோ பதிப்பில் 2023 டிசம்பரில் ஓர் அமெரிக்கச் சிறுவன் விடாமல் ஆடியதில் ஆட்டமே உறைந்து நின்றுவிட்டது. வீழ்ந்தது கம்ப்யூட்டர்.

இதற்கு ஆறு வருஷம் முன்னால் ஜப்பானில் நிஷிகாடோவின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. திரையில் 55 ராட்சதப் பூச்சிகள். அத்தனையையும் நகர்த்த அந்தக் காலத்துச் சில்லு திணறியது. நாம் சுடச் சுடப் பூச்சிகள் குறைந்து, சில்லின் பாரம் குறைந்து, மிச்சமிருப்பவை வேகமாக ஓட ஆரம்பித்தன. குறை என்று திருத்தியிருக்கலாம். அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். ‘போகப் போகக் கடினமாகும்’ என்று வீடியோ கேம்களில் இன்றைக்கும் இருக்கிற விதிக்கு அது ஒரு முக்கியமான ஆரம்பம்.

நம் மரபுக் கவிஞர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று நடக்கும் வெண்பா விதிக்குப் பெயரே தளை. தளை என்றால் விலங்கு. விலங்கு மாட்டிக்கொண்டே ஓடிக்காட்டுவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது.

இத்தோடு நிறுத்திவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆபீஸில் உங்கள் மேலதிகாரி இதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, அடுத்த மீட்டிங்கில் “பட்ஜெட் இல்லைப்பா, கிரியேட்டிவா யோசிங்க. டாக்டர் ஹூ அப்படித்தான் எடுத்தாங்களாம்” என்பார். அதற்கு நான் உடந்தையாக இருக்க விரும்பவில்லை.

முதலாவது, பற்றாக்குறை எப்போதும் அற்புதம் பண்ணுவதில்லை. 1982-ல் அடாரி கம்பெனி ‘ஈ.டி.’ படத்தை கேமாக்க ஒரே ஒரு புரோகிராமருக்குக் கொடுத்த அவகாசம் சுமார் ஐந்து வாரம். கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தாக வேண்டும். வந்தது. விற்காமல் தேங்கியவற்றில் ஒரு பகுதியை மறு வருஷம் நியூ மெக்சிகோ பாலைவனக் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டியும் எடுத்தார்கள். வெண்பாப் புலவன் தளையைத் தானே ஏற்றுக்கொள்கிறான், எழுதி எழுதிப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்கிறது. நேரமும் தராமல் கையைக் கட்டினால் அதற்குப் பெயர் விலங்குதான்.

இரண்டாவது, அற்புதம் நடந்தாலும் செய்தவருக்கு என்ன கிடைத்தது? டாக்டர் ஹூவின் முகப்பு இசையை எழுதியவர் ரான் கிரெய்னர். அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷையர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்த பெண். சின்தசைஸர் கடைக்கு வராத காலம். ஒரு கம்பியைச் சுண்டிவிட்ட ஒலி, ஆஸிலேட்டரின் ஊளை என்று ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே டேப்பில் பதிந்து, அளந்து, பிளேடால் வெட்டி, ஒட்டி உருவாக்கினார். கேட்டு அசந்துபோன கிரெய்னர், பாதிப் பங்கு அவருக்குச் சேர வேண்டும் என்று விரும்பினார். பி.பி.சி. விதிகளில் அதற்கு இடமில்லை. டெலியா 2001-ல் இறந்தார். திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல், தொடரின் ஐம்பதாம் ஆண்டு எபிசோடில்.

அந்தத் தொடரின் புகழ்பெற்ற வில்லன்களான டேலக்குகளை வடிவமைத்த ரேமண்ட் க்யூஸிக் மாதச் சம்பளக்காரர். பொம்மைகள் கோடிக்கணக்கில் விற்றபோது அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அன்பளிப்புத் தொகை. பஜித்னோவின் கேம் அரசாங்கச் சொத்து. உலகமே டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருக்க, அவருக்கு ராயல்டி வர ஆரம்பித்தது 1996-ல். அயாமியின் விரல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இசைக்கு லாபம் என்று ஒரு தொழிற்சாலை விபத்தை வரவு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது, சிக்கனத்துக்குத் தான் பெற்ற பிள்ளை என்ற பாசம் கிடையாது. வீடியோ டேப் விலை அதிகம், மறுபடி உபயோகிக்கலாம் என்று பி.பி.சி. பழைய நிகழ்ச்சிகளை அழித்தது. வெளிநாட்டுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளையும் இடமில்லை என்று தூக்கிப் போட்டார்கள். டாக்டர் ஹூவின் 1960-களின் எபிசோடுகளில் 90-க்கும் மேல் பல வருஷங்களாகக் கிடைக்கவே இல்லை. ஹார்ட்னல் ட்ரௌட்டனாக மாறும் அந்த எபிசோடு உட்பட. மாறும் சில விநாடிகள் மட்டும் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் எடுத்துக் காட்டியதால் பிழைத்தன.

ஆனால் தொலைந்த எபிசோடுகள் ஒவ்வொன்றின் ஒலியும் நம்மிடம் இருக்கிறது. காரணம் பி.பி.சி. அல்ல. சனிக்கிழமை சாயங்காலங்களில் டி.வி. பெட்டியின் முன்னால் மைக்கை வைத்துக்கொண்டு, வீட்டில் யாரையும் பேசவிடாமல், டேப் ரிக்கார்டரில் பதிவு செய்த ரசிகப் பையன்கள். பத்து பைசா லாபம் எதிர்பார்க்காமல் செய்தார்கள். 2013-ல் நைஜீரியாவின் ஒரு டி.வி. நிலையத்திலிருந்து ஒன்பது எபிசோடுகள் படத்தோடு திரும்பி வந்தன. அதையும் தேடிப்போனவர் ஒரு தனி ஆர்வலர்தான்.

ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்கு: டாக்டர் ஹூவில் 1963-64-ன் ‘டேலக்ஸ்’ கதை. டேலக்கின் ஒரு கை, சிங்க் அடைத்துக்கொண்டால் பிளம்பர் கொண்டுவரும் ரப்பர்க் கிண்ணம் வைத்த கம்புதான். அது தெரிந்தும் பயப்பட முடிகிறதா பாருங்கள். பிளாக் சபத்தில் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, ராத்திரி வேளையில். டெட்ரிஸ் எந்த போனிலும் ஆடலாம். மறுநாள் ஆபீஸ் இருந்தால் மட்டும் பத்து மணிக்கு மேல் தொடாதீர்கள்.