தக்கோலப் போரும் விளையாட்டுக் களவமைப்பும்: சான்றுகளைக் கையாளும் முறை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

வரலாற்றில் நிகழ்ந்த ஒரு போரை மேசைமேல் விரித்த நிலப்படத்திலோ கணினித் திரையிலோ மீண்டும் ஆடிப் பார்க்கும் வகையில் அமைத்துத் தருவது இன்று பரவலாகக் காணப்படும் முயற்சியாகும். களம், படைப்பிரிவுகள், தலைவர்கள், நகர்வு விதிகள், வெற்றி நிபந்தனைகள் ஆகியவற்றை வரையறுக்கும் இவ்வமைப்பை இக்கட்டுரை ‘களவமைப்பு’ என்று குறிக்கின்றது. சதுரங்கம் என்னும் சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைச் சுட்டுவதால், போரை ஆட்டமாக்கும் எண்ணம் நமக்குப் புதியதன்று. ஆயினும், சதுரங்கம் எந்தவொரு குறிப்பிட்ட போரையும் பேசுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கென உருவான போர் விளையாட்டே நிலப்படம், அளவுகோல், பகடை ஆகியவற்றின் துணையுடன் உண்மைக் களத்தை நெருங்க முற்பட்டது.

இடைக்காலத் தமிழகப் போர் ஒன்றுக்கு இத்தகைய களவமைப்பை உருவாக்க விரும்புவோர் எவ்வகைச் சான்றுகளை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு கி.பி. 949இல் நிகழ்ந்த தக்கோலப் போர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனை எதிர்த்துப் போரிட்டு மாண்ட களம் அது. இது சோழர் தோற்ற போர். தோல்வியை ஆட்டமாக்கும்போதுதான் வடிவமைப்பாளரின் நேர்மை தெளிவாகச் சோதிக்கப்படுகின்றது.

நடப்பிலுள்ள ஒரு முன்மாதிரி

மாணவர் பலர் சோழரைப் பாடநூலில் சந்திப்பதற்கு முன்பே விளையாட்டில் சந்தித்து விடுகின்றனர். 2022இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டின் இந்திய விரிவாக்கம் இராசேந்திர சோழனின் பெயரால் ஒரு படையெடுப்புத் தொடரைக் கொண்டுள்ளது. உலகளாவிய விளையாட்டு ஒன்றில் சோழர் வரலாறு இடம்பெற்றது வரவேற்கத்தக்கதே. எனினும், அதன் கட்டமைப்பில் இரண்டு குறைகள் நோக்கத்தக்கன.

முதலாவது, சோழர் இதில் ‘திராவிடர்’ என்னும் பொதுப்பெயருள் அடக்கப்படுகின்றனர். மொழிக்குடும்பத்தின் பெயர் அரசியல் அணியின் பெயராக மாறும்போது தக்கோலப் போன்றதொரு போரை விளக்கவே இயலாமற் போகின்றது. இராட்டிரகூடரின் துணைவனாக வந்த கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு கன்னடத்தில் அமைந்தது. கன்னடமும் திராவிட மொழியே. சோழர் பக்கத்தில் சேரநாட்டுத் தளபதி இருந்தான். இங்கே அணிகளைப் பிரித்தது மொழியன்று. மணவுறவும் நிலவுரிமையும் பழம்பகையும் ஆகும். பூதுகன் கிருட்டிணனின் தமக்கையை மணந்தவன். பராந்தகனால் நாடிழந்த வாணரும் வைதும்பரும் இராட்டிரகூடரைச் சார்ந்து நின்றனர்.

இரண்டாவது, அவ்விளையாட்டு இவ்வணியின் தனிச்சிறப்புப் படையாகச் சுருள்வாள் வீரரை நிறுத்துகின்றது. சுருள்வாள் இன்று கேரளக் களரியோடு சேர்த்து அறியப்படும் கருவியாகும். கண்ணைக் கவரும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு கருவி, சோழர் படையின் முதுகெலும்பே அதுதான் என்னும் எண்ணத்தை இளையோர் மனத்தில் பதித்துவிடும். எது சான்று, எது அலங்காரம் என்று ஆடுபவருக்கு அறிவிக்கும் வழியொன்றும் ஆட்டத்துக்குள் இல்லாமையே இங்குக் குறையாகின்றது.

மூன்று சான்றுகள்

தக்கோலப் போரைப் பற்றி மூன்று ஆவணங்கள் முதன்மையானவை. கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூர்க் கல்வெட்டு சக ஆண்டு 872ஐச் சார்ந்தது, வென்றவர் தரப்பினது, போர் நிகழ்ந்த காலத்தை ஒட்டியது. பூதுகனின் வீரன் மணலேரன் தன் அரசனிடம் ‘காளி’ என்னும் வேட்டை நாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றதையும், அந்நாய் காட்டுப்பன்றியொன்றுடன் பொருது மடிந்ததையும் கூறும் நினைவுக்கல் அது. இராசாதித்தனின் மரணம் அதில் இடையே வருகின்ற செய்தியாகும்.

இரண்டாவது, லெய்டன் பெரிய செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடு. கடாரத்து அரசன் சிறீமாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் நிறைவு செய்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த கொடையைக் கூறும் ஆவணம் இது. மலேசியத் தமிழர் கடாரத் தொடர்புக்காக நன்கறிந்த இச்செப்பேட்டின் வடமொழிப் பகுதியிலேதான், இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே பகைவரின் கூரிய அம்புகளால் மார்பு பிளக்கப்பட்டு விண்ணுலகு எய்தினான் என்னும் செய்தியும் உள்ளது. இது தோற்றவரின் வழித்தோன்றல்கள் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் எழுதிய குலவரலாறு.

மூன்றாவது, திருவொற்றியூர்க் கல்வெட்டு. இராசாதித்தனின் நண்பனாகிய கேரளத்து வல்லபன், களத்தில் அவனோடு மடியும் பேறு வாய்க்காமையால் உள்ளம் நொந்து, துறவு பூண்டு, சதுரானன பண்டிதன் ஆனதை அது கூறுகின்றது.

ஒன்று நாய்க்கு எடுத்த கல். ஒன்று விகாரத்துக்கு ஈந்த கொடை. ஒன்று துறவியின் வரலாறு. மூன்றில் எதுவும் போரை விவரிப்பதற்காக எழுதப்பட்டதன்று. களவமைப்பாளர் முதலில் உணர வேண்டியது இதுவே.

எண்கள் தரும் மயக்கம்

களவமைப்புக்கு எண்கள் தேவை. எத்தனை யானை, எத்தனை குதிரை என்பதை அறியாமல் காய்களை நிறுத்த இயலாது. மேற்குறித்த ஆவணங்களோ படைத்தொகையைக் கூறுவதில்லை. இவ்வெற்றிடத்தை நிரப்ப முற்படும்போது மூன்று மயக்கங்கள் நேரக்கூடும்.

ஆதகூர்க் கல்வெட்டில் பன்னீராயிரம், முந்நூறு, எழுபது எனும் எண்கள் வருகின்றன. இவை பூதுகன் பரிசாகப் பெற்ற வனவாசி, பெள்வொல, புரிகெரெ, கிசுகாடு, பாகெநாடு ஆகிய நாட்டுப் பிரிவுகளின் பெயரோடு ஒட்டிய எண்கள். படையின் தொகை அல்ல. அவசரமாகப் படிப்பவர் பன்னீராயிரம் வீரரைக் களத்தில் இறக்கிவிடக்கூடும்.

அடுத்து, இலக்கிய எண்கள். போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் நூலார் வகுத்த இலக்கணம். ஆகவே, பரணியில் காணும் யானைத்தொகை கணக்கெடுப்பு ஆகாது. அந்நூல் எவ்விலக்கிய வகையைச் சார்ந்தது என்பதற்கான அடையாளமே அது. கலிங்கத்துப்பரணியைக் கொண்டு சோழரின் யானைப்படையை அளக்க முயல்வது இலக்கண விதியை எண்ணிக்கையாகக் கொள்வதாகும்.

மூன்றாவது, காலமயக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசராசன் காலத்துப் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்களைத் தருகின்றன. அவற்றை அப்படியே 949ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்வது இரண்டு தலைமுறைக்குப் பிந்திய படையமைப்பை முந்தைய களத்தில் நிறுத்துவதாகும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? தொகையை விட்டுவிட்டு விகிதத்தையும் தன்மையையும் கொள்ளலாம். இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் பல ஆண்டுகள் படையுடன் தங்கியிருந்தான். திருநாவலூர் இராசாதித்தபுரம் என்னும் பெயர் பெற்றது. அவனுடைய பெரும்படைநாயகன், சேரநாட்டு வெள்ளங்குமரன், பெண்ணையாற்றங்கரைக் கிராமம் என்னும் ஊரில் 943இல் கற்றளி எழுப்பினான். திருநாவலூருக்கும், இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள தக்கோலத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவு. நெடுங்காலம் ஓரிடத்தில் நிலைகொண்ட படை வடக்கே நகர்ந்து பொருதது என்னும் இவ்வுண்மை, கற்பனையான ஆயிரங்களைக் காட்டிலும் ஆட்டத்துக்குப் பயன்படும்.

தலைவனின் வீழ்ச்சி

களவமைப்பின் மையம் இராசாதித்தனின் மரணமே. சோழர் கல்வெட்டுகள் அவனை ‘யானைமேல் துஞ்சின’ தேவர் என்று குறிக்கின்றன. யானைமேல் என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன. எவ்வாறு என்பதிலேயே வேறுபாடு எழுகின்றது. செப்பேடு தொலைவிலிருந்து பாய்ந்த அம்பைச் சொல்கின்றது. எய்தவனைப் பெயர் சுட்டவில்லை. ஆதகூர்க் கல்வெட்டோ பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான் என்கின்றது.

இக்கல்வெட்டின் தொடக்ககால மொழிபெயர்ப்பில் பூதுகன் வஞ்சகமாகக் கொன்றான் என்னும் பொருள் கொள்ளப்பட்டது. ‘பிசுகெ’ என்னும் கன்னடச் சொல் அம்பாரியைக் குறிக்கும் என்பது தெளிவானபின் அப்பழி நீங்கியது. ஒரு சொல்லின் பொருள் ஆட்டத்தின் விதியையே மாற்றிவிடுவதை இங்குக் காணலாம். வஞ்சகம் எனக் கொண்டால் அது பகடையால் முடிவாகும் தனி நிகழ்ச்சி. அம்பாரி எனக் கொண்டால் பூதுகனின் காய் யானையை அணுகிப் பொரும் நேரடித் தாக்குதல். அம்பு எனக் கொண்டால் தொலைவும் உயரமும் கணக்கில் வரும் விற்போர். இவற்றுள் ஒன்றை மட்டும் விதியாக்கி மற்றவற்றை மறைப்பதைவிட, இரு வழிகளிலும் தலைவன் வீழக்கூடும் என அமைத்து, எவ்விதி எந்த ஆவணத்தைச் சார்ந்தது என்று குறிப்பதே முறையாகும்.

தலைவன் வீழ்ந்ததும் படை சிதறியது என்பதைப் பலரும் உறுதியான செய்தியாகவே எழுதுகின்றனர். மேற்கண்ட ஆவணங்களில் அவன் இறப்பு உண்டு. படை சிதறிய விவரம் இல்லை. பின்விளைவிலிருந்து நாம் பெறும் ஊகம் அது. நல்ல ஊகமே, எனினும் ஊகம் என்றே எழுதப்பட வேண்டும்.

வெற்றி என்பது யாது?

சோழர் வெல்ல இயலாத ஆட்டத்தை எவரும் ஆடமாட்டார். சோழர் எளிதில் வெல்லும் ஆட்டமோ வரலாற்றைப் பொய்யாக்கும். பழம்பெருமையின்மீது கொண்ட பற்று இரண்டாவதன் பக்கமே சாயத் தூண்டும். கிருட்டிணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்னும் பட்டத்தைப் பூண்டான். 959இல் கராட் செப்பேடு வெளியிடப்பட்டபோது அவன் தொண்டை மண்டலத்து மேற்பாடியில் பாசறை கொண்டிருந்தான். பத்தாண்டு நீடித்த இவ்விளைவை ஒருநாள் ஆட்டத்தின் வெற்றியால் அழித்துவிட முடியாது.

எனவே, சோழருக்குரிய வெற்றி நிபந்தனை பகைவரை அழிப்பதாக அமைதல் பொருந்தாது. இளவரசன் உயிருடன் மீள்வது, படை குலையாமல் தெற்கே பின்வாங்குவது, வாணரையும் வைதும்பரையும் களத்தில் சேரவிடாமல் தடுப்பது ஆகியவற்றை நிபந்தனையாக்கலாம். ஆடுபவர் இளவரசனை யானைமேல் முன்னணியில் நிறுத்தினால் படையின் ஊக்கம் உயரும். அவன் இலக்காகும் இடரும் உயரும். அத்தேர்வின் கனத்தை உணரும் மாணவர், ‘யானைமேல் துஞ்சின’ என்னும் தொடரை வெறும் விருதுப்பெயராகக் கடந்து செல்லமாட்டார்.

முடிவுரை

களவமைப்பின் ஒவ்வொரு விதிக்கும் எதிரே ‘சான்று’, ‘ஊகம்’, ‘ஆட்டத்தேவை’ என்னும் மூன்றில் ஒன்றைக் குறிக்குமாறு வடிவமைப்பாளர் தம்மைக் கட்டுப்படுத்திக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரையாகும். அம்பாரி சான்று, படைச்சிதறல் ஊகம், காய்களின் எண்ணிக்கை ஆட்டத்தேவை. இவ்வேறுபாட்டை ஆசிரியர் தாமே சொல்லிவிடாமல், குறியிடப்படாத விதித்தாளை மாணவரிடம் கொடுத்து அவர்களையே குறிக்கச் செய்யலாம். கல்வெட்டு, செப்பேடு, பரணி ஆகியவை எவ்வெவ்வளவு நம்பத்தக்கவை என்னும் வினா அப்போது வகுப்பில் இயல்பாகவே எழும். வென்றவன் ஒரு நாயின் நினைவுக்கல்லிலும், தோற்றவனின் குலத்தார் கடாரத்து விகாரக் கொடையிலும் ஒரே மரணத்தை வெவ்வேறாகப் பொறித்து வைத்துள்ளனர். அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கக் கற்ற மாணவர், வேறெந்தப் போரைப் பற்றிய கூற்றையும் வினவாமல் ஏற்கமாட்டார்.