பட்டறையை ஒட்டிய வகுப்பறை

கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் ஜி.ஆர்.தாமோதரன். கோவையின் பொறியியல் கல்வி வளர்ந்த காலத்தை அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆனால் புகழுரைகளைத் தாண்டி அவர் வழியை எடைபோடவும் வேண்டும்.

அந்த வழியின் பலம் வரிசைமுறையில் இருந்தது. 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. அவற்றின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் முளைத்தன. 1926-ல் அமைந்த பி.எஸ்.ஜி. அறநிலையம், கல்லூரிக்கு முன்பே தொழிற்கூடம் நடத்தியது. பம்பும் மோட்டாரும் கடைசல் இயந்திரமும் உருவான வளாகத்தில்தான் வகுப்பறை எழுந்தது. தாளில் வரைந்த பாகத்தை மாணவர் பக்கத்துக் கட்டடத்திலேயே வார்ப்பாகப் பார்க்கலாம். படிப்பும் ஆலைப் பயிற்சியும் மாறிமாறி வரும் 'சாண்ட்விச்' முறை இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை.

இரண்டாவது பலம், அவர் கல்லூரிச் சுவருக்குள் முடங்காதது. முதல் மக்களவையில் பொள்ளாச்சியின் உறுப்பினர். 'கலைக்கதிர்' இதழ் வழியாக அறிவியலைத் தமிழில் எழுதவைத்தவர். 1978-ல் கல்லூரி தன்னாட்சி பெற்றது. அதே ஆண்டு அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

குறைகளும் இதே வேரிலிருந்து வந்தவைதான். அறநிலையத்தை நிறுவிய குடும்பத்தில் பிறந்தவரே முதல்வர் என்பதால் முடிவுகள் விரைந்தன. ஆனால், 'இது வேண்டாம்' என்று சொல்லும் இடம் ஆசிரியர்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? உள்ளூர் ஆலைக்கு ஏற்ற கல்வி வேலை தரும். ஆலைக்குத் தோன்றாத கேள்வியைக் கேட்கத் தூண்டாது. தமிழ் அறிவியலும் இதழோடு நின்றது; பொறியியல் வகுப்பறை ஆங்கிலத்திலேயே நடந்தது.

1980களின் நடுவில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு வழி திறந்தபின் கொங்கு நாடெங்கும் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன. பல இடங்களில் அறக்கட்டளையும் குடும்பத் தலைமையும் அப்படியே வந்தன. பட்டறை மட்டும் வரவில்லை. கட்டடம் முதலில், ஆய்வகம் பிறகு, தொழிற்சாலையோடு ஒப்பந்தம் கடைசியில் என்று வரிசை தலைகீழானது. எளிதில் நகலெடுக்க முடிந்தது அதிகார அமைப்பை. முடியாதது கால் நூற்றாண்டுத் தொழில் அனுபவத்தை.

தாமோதரனின் வெற்றி உண்மையானது. அதைத் தனிமனித ஆற்றலாக மட்டும் படிப்பதுதான் பிழை. தாளாளருக்கு வேகம் இருந்தால் போதும் என்று அவரிடமிருந்து கற்றுக்கொள்வதைவிட, சேர்க்கை அறிவிப்புக்கு முன் பட்டறையை ஓடவிட வேண்டும் என்று கற்றுக்கொள்வதே பயன் தரும்.