கொள்ளுப்பாட்டியின் கப்பல் சீட்டு

ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும் வாழ்க்கைச் சரித்திரம் எழுதுவது அப்படி ஒன்றும் கஷ்டமான காரியம் அல்ல. கடிதங்கள் இருக்கும். நாட்குறிப்பு இருக்கும். புகழ்ந்தோ திட்டியோ எழுதி வைத்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். கடல் கடந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒரு பெண்பிள்ளைக்கு என்ன இருக்கும்? பெயர் ஒன்று, கப்பல் சீட்டு ஒன்று. இதை வைத்துக்கொண்டு ஒரு புஸ்தகம் எழுதிவிட முடியுமா என்று கேட்டால், முடியும் என்று காட்டியிருக்கிறார் கயூத்ரா பஹதூர். 'கூலி வுமன்' என்கிற அவருடைய ஆங்கில நூல் 2013ல் வெளிவந்தது.

பஹதூர் கயானாவில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்டவர், பத்திரிகைக்காரர். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903ல் கல்கத்தாவில் 'கிளைட்' என்ற கப்பலில் ஏறினாள். பிரிட்டிஷ் கயானாவின் சர்க்கரைத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனாள். அப்போது அவள் கர்ப்பிணி. கூடப் புருஷன் இல்லை. ஏன் போனாள், யாரை விட்டுப் போனாள், தானாகப் போனாளா, ஆள்பிடிக்கிறவன் ஏமாற்றி ஏற்றினானா? விஷயம் இவ்வளவுதான். இதற்கு நிச்சயமான பதில் கடைசிப் பக்கம் வரையில் கிடைப்பதில்லை.

அந்தச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கப்பலின் பெயர், வரிசை எண், வயது, ஜாதி, தகப்பன் பெயர், நெருங்கிய உறவு, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நம் பள்ளிக்கூடச் சான்றிதழில் 'வலது கையில் ஒரு மச்சம்' என்று எழுதுவார்களே, அதே மாதிரிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் யாரும் நம்மைத் தேடி வரமாட்டார்கள். இங்கே, ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குள் ஆள் ஓடிவிட்டால் பிடிப்பதற்காகவே அடையாளம் எழுதினார்கள். டாக்டரும் அதிகாரியும் கையெழுத்துப் போட்டார்கள். காதில் விழுந்த பெயரைத் தனக்குத் தோன்றியபடி ஆங்கிலத்தில் எழுதினான் ஒரு குமாஸ்தா. அவன் எழுத்துப் பிழையே பிற்பாடு குடும்பப் பெயராக நிலைத்துவிட்டதும் உண்டு. பேத்திக்குப் பேத்தி தேடி வருவாள் என்று அவன் எங்கே கண்டான்!

நாவலாசிரியன் கையில் இந்தச் சீட்டு கிடைத்தால் என்ன செய்வான் என்பதை என்னால் சொல்ல முடியும். ஒரு மாமியாரைச் சிருஷ்டிப்பான். ஒரு விதவைக் கோலம், ஒரு நள்ளிரவு, ஆற்றங்கரையில் ஒரு தரகன். பத்துப் பக்கத்தில் கண்ணீர் வந்துவிடும். பஹதூர் இதைச் செய்யவில்லை. தெரியாத இடத்தில் கேள்வி கேட்கிறார்; ஒன்று இரண்டல்ல, பக்கக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்விகள். கணவன் செத்தானா, விரட்டினானா, அவளே உதறிவிட்டு வந்தாளா என்று வாசகனுக்கு மூச்சு முட்டும் வரை கேட்கிறார். இது ஒரு உத்தி என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது நேர்மையாகப் பட்டது. செத்துப் போனவளின் வாயில் தன் வார்த்தையைத் திணிக்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான். ஆனால் அந்த மருந்தைச் சில இடங்களில் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேள்வியே பழக்கமாகிவிட்டால் அதன் கூர்மை போய்விடுகிறது.

புஸ்தகத்தின் நடுப்பகுதியில் சுஜாரியா காணாமல் போய்விடுகிறாள். அவள் இடத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் வருகிறார்கள். 1838லிருந்து 1917 வரை கயானாவுக்கு மட்டும் சுமார் 2,40,000 பேர் போனார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்படியும் பெண்கள் குறைவுதான். அதனால் அவர்களுக்கு ஒரு சுதந்திரமும் கிடைத்தது, அதே காரணத்தால் கழுத்துக்குக் கத்தியும் வந்தது. கரும்பு வெட்டும் கத்தியால் வெட்டப்பட்டவர்கள், கப்பலில் டாக்டரிடமும் மாலுமிகளிடமும் சிக்கியவர்கள் ஆகியோரைப் பற்றி விசாரணைக் கட்டுகளில் நிறைய இருக்கிறது. ஏதாவது விபரீதம் நடந்தால்தான் சர்க்கார் காகிதத்தில் கூலிப் பெண் தலை காட்டுகிறாள். காலையில் எழுந்து களை பிடுங்கி, சமைத்து, பிள்ளையைத் தூங்கப் பண்ணியவளுக்குக் கட்டு கிடையாது. இந்தக் கோணலை ஆசிரியை நன்றாக அறிந்திருக்கிறார். இருந்தாலும் அவர் எடுத்துக் காட்டும் சம்பவங்களின் ரத்தச் சிவப்பு, தம் கொள்ளுப்பாட்டியின் சாதாரண நாட்களை மறைக்கத்தான் செய்கிறது.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் கூலி என்றால் வேலை செய்தவன் கையில் விழுகிற காசு. அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் ஆளையே குறிக்கும் வசவாயிற்று என்று பலர் சொல்கிறார்கள். குஜராத்துக் கோலி ஜனங்களின் பெயரிலிருந்து வந்தது என்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும், தமிழ் வாசகனுக்கு அட்டையைப் பார்க்கும்போதே கொஞ்சம் உறுத்தும்.

உறுத்த வேண்டியதுதான். 1860ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. 1911 வரை அங்கே போன சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களே. அவர்களுடைய பட்டியல்களிலும் கிராமமும் உயரமும் தழும்பும் உண்டு. ஆனால் இலங்கைக்குப் போனவர்கள் கதை வேறு. அங்கே இந்த மாதிரி ஒப்பந்தம் இல்லை, கங்காணியின் கடன் கணக்குத்தான். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, வழியில் விழுந்தவர்களுக்குச் சீட்டும் இல்லை, அங்க அடையாளமும் இல்லை. அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் வரும் மருதி. கற்பனைதான். பஹதூர் செய்ய மறுத்ததைப் புதுமைப்பித்தன் செய்தார். சீட்டு இல்லாத இடத்தில் வேறு என்ன செய்வது?

ஒன்று செய்யலாம். தோட்டங்களில் தினமும் செக்ரோலில் பேர் போடுவது வழக்கம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பழைய செக்ரோல்கள் எந்தத் தோட்டத்துப் பரணிலாவது செல்லரிக்காமல் கிடந்தால், மலைநாட்டிலிருந்து ஒரு பேத்தி போய் உட்கார்ந்து புரட்டிப் பார்க்கட்டும். பாட்டி எந்த நாளில் முழுப் பேர் வாங்கினாள், எந்த மழை நாளில் அரைப் பேரோடு திரும்பினாள் என்பதாவது தெரியும்.