பெயர் அறியா மகவின் காட்சி

பெயர், சாதி முதலியன பற்றாது பொருளுண்மை மாத்திரையே உணர்வது நிருவிகற்பக் காட்சி என்பது சிவஞான சித்தியார் அளவையிற் கண்டது. இதற்குக் குழவி, ஊமை ஆகியோர் அறிவை உவமை கூறினார் மீமாஞ்சகராகிய குமாரிலபட்டர். குழவி பொருளை அறியாதென்பதோ அவர் கருத்து?

நாமக்கல் ஊர்ப்புறத்துத் தூளியிற் கிடக்கும் இளமகவு, கிலுகிலுப்பை முந்தானையுள் மறையின் தேடாது. எட்டுத் திங்களளவிலேயே தேடத் தொடங்கும். ஆகலின் மறைந்தது அதற்கு இல்பொருளே என்றார் பியாஜே (1937). 1985-இல் பெயிலார்ஜன், ஸ்பெல்கி, வாசர்மன் ஆகியோர் ஐந்து திங்கள் மகவுகளிடம் செய்த சோதனை இதனை மறுக்கும். மறைந்த பெட்டியால் தடையுண்டு பலகை நின்றவழியினும், அதனை ஊடுருவியதுபோற் சாய்ந்தவழி அவை நெடிது நோக்கின. நெடுநோக்கு அனுமானமாகாது என்பாரும் உளர், அத்தடை வலிதே. எனினும், தேடாமை கையின் குறையாகவுங் கூடும்.

பட்டர் ஊமையை உடன்கூறியதும் நோக்கற்பாலது. சொல்லில்லா ஊமன், திரைமறைந்த குடத்தை இல்லையென்று கொள்வானோ?