மேய்ச்சல் பன்றி: மலைக்கு ஏற்குமா?

அடைத்து வளர்த்தால் கொடுமை, திறந்துவிட்டால் கருணை. பன்றி வளர்ப்பைப் பற்றி இயற்கை வேளாண்மை பேசுபவர்கள் பலர் இப்படி இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். கொல்லிமலையின் உட்பிரிவுகளான பதினான்கு நாடுகளுள் ஒன்றான குண்டனி நாட்டில், ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த இரண்டு வரி போதுமா? போதாது என்பதே என் கருத்து. ஆனால் அதில் உள்ள உண்மையைத் தள்ளிவிடவும் முடியாது.

உண்மை இதுதான். ஸ்டோல்பா, உட்-கஷ் என்ற இரு ஆய்வாளர்கள் எடின்பரோவில் பண்ணைப் பன்றிகளை மரமும் புதரும் உள்ள அடைப்பில் விட்டுப் பார்த்தார்கள். பகல் நேரத்தில் பாதிக்கு மேல் அவை மேய்வதிலும் மண்ணைக் கிண்டுவதிலும் கழித்தன. தாய்ப்பன்றிகள் குட்டி போடும் முன் கூடு கட்டின. எத்தனை தலைமுறை கொட்டிலில் பிறந்திருந்தாலும் கிண்டும் குணம் மாறவில்லை. வெறும் சிமெண்டுத் தரையில் அதற்கு வழியில்லாத பன்றிகள் ஒன்றன் வாலை ஒன்று கடிக்கின்றன. சினைப்பன்றியைத் திரும்பக்கூட இடமில்லாத கூண்டில் சினைக்காலம் முழுக்க வைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் தடுத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. கொல்லிமலை இருக்கும், கூண்டுக்கோழி முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இந்தக் கேள்வி எழுவதே நல்லது.

மலையின் குளிர்ச்சியும் துணை நிற்கிறது. வியர்த்து உடலைக் குளிர்விக்கப் பன்றியால் முடியாது. ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் அதன் வெப்ப வேதனை குறையும். வெயிலில் வெண்பன்றியின் தோல் வெந்துவிடும், கருநிற நாட்டுப்பன்றி தாங்கும்.

சிக்கல் நிலத்தில் தொடங்குகிறது. வெளியில் வளர்க்க ஏற்ற நிலம் எது என்று பிரிட்டிஷ் அரசின் பன்றி நல வழிகாட்டி சொல்கிறது: நீர் வடியும் மண், குறைந்த மழை, குறைந்த உறைபனி. அப்படிப்பட்ட நல்ல இடத்திலேயே ஹெக்டேருக்கு 25 தாய்ப்பன்றிகள் என்பதுதான் அது ஏற்கும் அளவு. கொல்லிமலையில் இரு பருவமழையும் பெய்கிறது, நிலமோ சரிவு. குச்சிக்கிழங்கு பிடுங்கிய சரிவில் மண் ஏற்கெனவே இளகிக் கிடக்கும். ஐப்பசி மழையில் அங்கே பன்றி கிண்டினால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். மேலைநாடுகளில் கிண்டாமலிருக்க மூக்கில் வளையம் மாட்டுவதுண்டு. எந்தக் குணத்துக்காகத் திறந்துவிட்டோமோ அதையே வளையம் போட்டுத் தடுத்தால், அந்தக் கருணைக்கு என்ன பொருள்?

இரண்டாவது, தீனி. புல்லை நம்பி வளர மாட்டுக்கு இருக்கும் வயிறு பன்றிக்கு இல்லை. ஆகவே மேய்ச்சல் அதற்குத் தீனி அல்ல, வேலை. வயிற்றை நிரப்பத் தனியாகத்தான் போட வேண்டும். மலையில் கிழங்கும் பலாக் கழிவும் சாமைத் தவிடும் உண்டு. கசப்புக் குச்சிக்கிழங்கைப் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள சயனைடு பன்றியைக் கவிழ்க்கும். வேகவைத்தோ சீவி உலர்த்தியோ போட வேண்டும். கிழங்கில் மாவுச்சத்துதான் உண்டு, புரதம் மிகச் சொற்பம். புண்ணாக்கைக் கீழேயிருந்து காசு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். மேய்ச்சலில் தீனிச் செலவு மிச்சம் என்று சொல்பவர் கணக்கை முடிக்கவில்லை.

மூன்றாவது நோய். இங்குதான் திறந்துவிடும் வாதம் மிகவும் பலவீனமாகிறது. கட்டற்றுத் திரியும் பன்றி மனித மலத்தைத் தின்றால் நாடாப்புழுவின் முட்டை அதன் தசையில் கொப்புளமாகிறது. அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்பவர் குடலில் புழு வளர்கிறது. அவர் மலத்தின் முட்டை இன்னொருவர் வாய்க்குப் போனால் மூளை வரை சென்று வலிப்பை உண்டாக்குகிறது. வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று தெரிந்தது. அடுத்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனிதரைத் தொடாது, பன்றியை விடாது; மருந்தும் கிடையாது. 2020-ல் இந்தியாவுக்குள் வந்த அது, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. கொல்லிமலையின் அடிவாரத்து ராசிபுரம் வட்டாரப் பண்ணை ஒன்றிலும் தென்பட்டது. காட்டுப்பன்றி வந்துபோகும் மலையில் வேலியில்லாத மேய்ச்சல் ஒரு குடும்பத்தின் முதலையெல்லாம் பணயம் வைப்பது. ஓட்டல் எச்சில் சோறும் அப்படியே. மிச்சத்தில் கிடக்கும் ஒரு துண்டு பன்றியிறைச்சி போதும், நோய் வந்துசேர.

கருணைவாதிகள் அதிகம் பேசாத இன்னொன்று சாவு. பன்றிக்கு வண்டி ஓட்டத்தில் குமட்டும், வெயிலில் மூச்சுமுட்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மினி லாரியில் இறக்கிக் கீழேயுள்ள சூட்டில் நிறுத்தினால், எட்டு மாதம் நல்லபடியாக வளர்த்ததெல்லாம் கடைசி ஒரு நாளில் அழிந்துபோகும். மலையிலேயே, மயக்கி வெட்டும் சிறு அறுப்பகம் ஒன்று இல்லாதவரை, கருணைப் பண்ணை என்ற பெயர் பாதிதான் பொருந்தும்.

ஆகவே என் தீர்ப்பு இது. மேலைநாட்டுச் சமவெளியில் பிறந்த மேய்ச்சல் முறை அப்படியே குண்டனி நாட்டுக்கு ஆகாது. சிமெண்டுக் கொட்டிலும் அதற்கு மாற்றாகாது. இவற்றுக்கு நடுவே ஒரு வழி இருக்கிறது. தாய்ப்பன்றி வைத்து ஈனவைக்கும் சுமை சிறு குடும்பத்துக்கு வேண்டாம்; பால்குடி மறந்த குட்டிகள் இரண்டோ மூன்றோ போதும். மழைக்காலத்தில் கூரையடியில் ஆழமாக வைக்கோலும் சருகும் பரப்பி அடைக்கலாம். கிண்டும் ஆசை அதிலேயே தீரும், மண்ணும் தப்பும், கூளம் எருவாகும். மழையற்ற மாதங்களில் மட்டும், அறுவடை முடிந்த சமதளத்தில், ஆட்டுக்குப் பட்டி போடுவதுபோல இடம் மாற்றி மாற்றி இரட்டை வேலிக்குள் விடலாம். வீட்டுக்குக் கழிப்பறை, பன்றிக்குக் குடற்புழு நீக்கம், எச்சில் சோற்றுக்குத் தடை, இந்த மூன்றும் பேரத்துக்கு இடமில்லாதவை.

இரட்டை வேலியின் செலவை யார் தருவது? 2019 கணக்கெடுப்பின்படி மாநிலத்திலேயே சுமார் 67 ஆயிரம் பன்றிகள்தான். கால்நடைத் திட்டங்களில் அவற்றுக்குப் பங்கு குறைவாகவே வரும். நல்லபடி வளர்த்த இறைச்சிக்குச் சந்தை தனி விலையும் தருவதில்லை. வேலிக்கு மானியமும் மலையில் ஓர் அறுப்பகமும் வராமல், கருணையோடு வளர் என்று மலைக்குடும்பத்துக்குச் சொல்வது அவர்கள் காசில் நாம் புண்ணியம் தேடுவதாகும். அவை வந்தால், இரண்டு பன்றி வளர்க்கும் வீட்டுக்கு இது தாங்கும் முறைதான்.